காதுக்கு எட்டாத எட்டாவது சத்தம்

அந்தத் தையல் கம்பெனியின் வண்டிக் கொட்டகையில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. காதுக்காரர் என்றால்தான் கை நீட்டிக் காட்டுவார்கள். பதினான்கு வேன்கள், பதினான்கு டிரைவர்கள், ஒரே மெக்கானிக். கேட்டுக்குள் வண்டி நுழையும்போதே, வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் தலையைக்கூட வெளியே நீட்டாமல், "மூணாம் நம்பர்தானே? பெல்ட்ட மாத்தணும்னு போன வாரமே சொன்னேன்ல, என்ன ஆச்சு?" என்பார். புதிதாகச் சேர்ந்த டிரைவர் வாயைப் பிளப்பார். பழையவர்கள் அந்தப் பிளந்த வாயைப் பார்த்துச் சிரிப்பார்கள். மேனேஜருக்கு இதில் ஏகப்பெருமை. வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் யார் வந்தாலும் தைக்கும் கூடத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு நேராகக் கொட்டகைக்குக் கூட்டிவந்து, ஏதோ தானே பெற்று வளர்த்ததுபோல அவர் தோளில் தட்டுவார்.

இதெல்லாம் நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. பெயர் அப்படியே இருக்கிறது, காது போய்விட்டது.

ஒரேயடியாகவும் போகவில்லை. முதலில் போனது இண்டிகேட்டர் போட்டால் உள்ளே கேட்குமே, அந்தச் சத்தம். ரிலே கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று வண்டிகளில் புதிது மாற்றினார். நாலாவது வண்டியிலும் அதே கதை என்றபோதுதான், கெட்டது ரிலே இல்லை என்று அவருக்கு உறைத்தது. அப்புறம் கைபேசி போனது. எதிர்ப்பக்கம் பேசுவது வாய்க்குள் துணி அடைத்துப் பேசுவதுபோல ஆனது. அப்புறம் பெண்களின் குரல். முப்பது வருஷம் சுத்தியலும் கம்ப்ரஸரும் சைலன்சர் கழற்றிய இன்ஜினுமாகக் காதுக்குப் பக்கத்திலேயே அலறினால் வேறு என்னதான் ஆகும்? பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவர்களிடம், "சமையல்காரன் நாக்குல பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டா சமைப்பான்?" என்று கேட்டவர் அவர். அந்த வாய்க்கொழுப்புக்குத்தான் இப்போது அனுபவிக்கிறார்.

விஷயம் தெரிந்தது அவர் மனைவிக்கு மட்டும். காதும் காதும் வைத்தாற்போல் வைத்திருந்தாள். எப்போதும் அவருக்கு எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். அவளுடைய உதட்டை அவர் பாதி படிப்பார், மீதியை ஊகிப்பார். முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு மீதியை ஊகிப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

கொட்டகையில் அவரைக் காப்பாற்றியது ஒரு தகரப் பலகை. காது நன்றாக இருந்த காலத்தில் அவரே வெள்ளை பெயிண்டில் எழுதி மாட்டியது. 'கீச் கீச்' என்றால் பெல்ட். 'லொட லொட' என்றால் புஷ். 'டொக் டொக்' பேரிங். 'கிர் கிர்' கியர். 'டிக் டிக்' டேப்பெட். 'தட தட' இன்ஜினைத் தாங்கும் ரப்பர். 'பட் பட்' சைலன்சர். ஆக ஏழு. "பாட்டுக்காரனுக்கே ஏழு போதும்னா நமக்குப் போதாதா?" என்று அப்போது சொல்லிச் சிரித்தார். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு நோட்டு உண்டு. சத்தம் வந்தால் இந்த ஏழில் எது என்று டிரைவர் அதில் எழுத வேண்டும். 'ஒரு மாதிரியா சத்தம் வருது' என்று யாராவது எழுதினால், "ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? பலகையைப் பார்த்து எழுதத் தெரியாதா?" என்று காய்ச்சி எடுப்பார். காது போன பிறகு அந்த நோட்டே அவருக்குக் காதானது. எழுதியிருப்பதைப் படிப்பார். பானெட்டில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்ப்பார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு நோட்டில் எழுதியதையே தான் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார். வாரத்துக்கு ஒருமுறை 'சத்தம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்த வண்டியும் வெளியே போகக் கூடாது. அது மேனேஜர் போட்ட சட்டம்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் முயலாமல் இல்லை. ஒருநாள் துணிந்து மேனேஜர் அறைக்கே போனார்.

"சார், எனக்குக் காது முன்ன மாதிரி இல்ல சார்."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்களுக்கே காது இல்லன்னா நாங்கல்லாம் எங்க போறது? லீவு வேணும்னா லீவுன்னு கேளுங்க!" என்றார். இந்தக் கடைசி வரி கேட்கவில்லை. ஆனாலும் மேனேஜர் சிரித்ததால் அவரும் சிரித்தார். வெளியே வந்தபோது கையில் இரண்டு நாள் லீவுச் சீட்டு இருந்தது. இந்தப் பொய்க்கு உள்ளே போவதற்கு வழி இருந்தது, வெளியே வருவதற்குத்தான் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்பதாம் நம்பர் வண்டி வந்து சேர்ந்தது.

அதன் டிரைவருக்குக் கொட்டகையில் மாப்பிள்ளை என்று பெயர். கல்யாணமான மறுவாரம் வேலைக்குச் சேர்ந்தவன். இப்போது அவனுக்கே மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயது, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. குளிர் தொடங்கிய மாதத்தில் ஒருநாள் மாப்பிள்ளை நோட்டில் எழுதினான்: 'காலையில் ஸ்டார்ட் பண்ணினால் டிக் டிக். சூடானால் இல்லை.'

டிக் டிக் என்றால் வால்வைத் தட்டித் திறக்கும் டேப்பெட். காதுக்காரர் மூடியைக் கழற்றி, மெல்லிய தகட்டை இடுக்கில் விட்டுப் பார்த்து, எட்டு வால்வுக்கும் இடைவெளியைச் சரி செய்தார். இதற்குக் காது வேண்டாம், விரல் போதும். அவருடைய விரல் இன்னும் பொய் சொன்னதில்லை. மறுநாள் மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அண்ணே, அப்படியேதான் இருக்குண்ணே."

"இப்ப ஸ்டார்ட் பண்ணு."

"இப்ப வராதுண்ணே. சூடா இருக்கே. விடியக்காலைல முதல் ஸ்டார்ட்ல மட்டும்தான் வருது. ஒரு பத்து நிமிஷம். அப்புறம் தானா அடங்கிடுது."

வண்டிகள் கிளம்புவது ஐந்தரை மணிக்கு. காதுக்காரர் வருவது எட்டரைக்கு. அதற்குள் வண்டிகள் ஆட்களை இறக்கிவிட்டுக் கொதிக்கக் கொதிக்க நிற்கும். வேறு வழியில்லாமல் அவரும் ஒருநாள் ஐந்து மணிக்குக் குல்லாவோடு போய் நின்றார். மாப்பிள்ளை சாவியைத் திருப்பினான். இன்ஜின் உறுமியது. அந்தக் கனத்த உறுமல் அவருக்குக் கேட்டது, உள்ளங்காலிலும் தெரிந்தது. அதற்கு மேலே ஏதோ ஒன்று இருக்கிறது என்பது மாப்பிள்ளையின் முகத்தில் தெரிந்தது, அவர் காதில் தெரியவில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துப் பார்த்தார். வெறும் உறுமல்தான். கண்ணை மூடினார், நெற்றியைச் சுருக்கினார், தலையைச் சாய்த்தார். நாலு வருஷமாகப் பழகிய நடிப்பு, தானாக வந்தது.

"கேக்குதாண்ணே?" என்றான் மாப்பிள்ளை, அவர் முகத்துக்கு நேராக.

"கேக்குது, கேக்குது."

"என்னண்ணே அது?"

"குளிருக்கு இரும்பு சுருங்கும்டா. சூடானதும் விரியும். மனுஷனுக்கே காலைல எழுந்தா முட்டி சத்தம் போடுது, வண்டி போடக்கூடாதா?"

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் மூடிக்கொண்டான். காதுக்காரர் நோட்டை வாங்கி, 'சத்தம் இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமும் போட்டார், அதற்கடுத்த வாரமும் போட்டார். வேறு மெக்கானிக்கைக் கூட்டிவந்து கேட்கச் சொல்லலாம். ஆனால் காதுக்காரர் இன்னொருவன் காதைக் கடன் வாங்கினார் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அன்றைக்கே எல்லாம் வெளியே வந்துவிடும். சின்னச் சத்தம்தானே, ஓடுகிற வண்டிதானே என்று தன்னையே தேற்றிக்கொண்டார். அது தேறவில்லை.

அந்த ஒன்பதாம் நம்பர் வண்டியில்தான் அவர் மனைவி வேலைக்குப் போனாள். அதே கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் பிரிவு அவளுக்கு. கொட்டகையிலிருந்து கிளம்பும் வண்டிக்கு முதல் நிறுத்தமே அவர்கள் தெருமுனை. வண்டியில் இன்ஜின் வெளியே இல்லை. டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிபோல மூடியிருக்கும் பானெட்டுக்குக் கீழே இருந்தது. அதை ஒட்டிய சீட் குளிருக்குக் கதகதப்பாக இருக்கும். மெக்கானிக் வீட்டம்மா என்கிற மரியாதைக்கு மற்றப் பெண்கள் அதை அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். குளிருக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் இழுத்து மூடிக்கொண்டு பதினெட்டுப் பேர் போவார்கள்.

பத்து நாளாக அவளுக்குத் தலைவலி. காலையில் போகும்போது நன்றாகத்தான் இருக்கிறாள், கம்பெனி வாசலில் இறங்கும்போது மண்டை பிளக்கிறது. மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றார் காதுக்காரர். மாற்றினாள். தலைவலி மாறவில்லை. அவளுக்குப் பின்னால் உட்காரும் ஒல்லிப் பெண் ஒருநாள் வண்டியிலேயே வாந்தி எடுத்தாள். மற்றவர்கள் "என்ன, விசேஷமா?" என்று கேலி செய்தார்கள். கல்யாணமே ஆகாத பெண், பாவம், அழுதேவிட்டாள். இதையெல்லாம் மனைவி சாயங்காலம் சொன்னபோது காதுக்காரர் பாதியைப் படித்தார். மீதியை அன்றைக்கு ஊகிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை. அவர் வாயில் பிரஷ்ஷோடு வாசலில் நின்றார். மனைவி சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஏங்க, அந்த வண்டியில சத்தம் வருதே, பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தாச்சு. டேப்பெட். டிக் டிக்."

"டிக் டிக்கா? யாரு சொன்னது? அது டிக் டிக் இல்லீங்க. அதுல காத்து இருக்கு."

அவர் உதட்டைப் பார்த்தார். "என் காதுக்கு என்ன இப்ப?" என்று சுள்ளென்று விழுந்தார்.

"ஐயோ, காது இல்ல, காத்து! காத்து!"

உதட்டில் இரண்டும் ஒன்றுதான். அவள் எத்தனை தடவை சொன்னாலும் அவருக்குக் காது, காது என்றே வந்தது. விடிந்தும் விடியாததுமாக இவளுமா குத்திக்காட்ட வேண்டும் என்று முகம் சிவந்தது. தெருமுனையில் வண்டியின் விளக்கு தெரிந்தது. நேரமில்லை. அவள் சட்டென்று அவர் வலது கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைத் தன் வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"டிஸ். டிஸ். டிஸ். டிஸ்."

ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஊதல் கையில் வந்து பட்டது. கையை விட்டுவிட்டு அவள் ஓடினாள். வண்டி ஏற்றிக்கொண்டு போனது.

அவர் பிரஷ்ஷைக் கடித்தபடி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டேப்பெட்டில் இரும்பு இரும்பைத் தட்டும், அவ்வளவுதான். அதில் காற்று ஏது? காற்றை ஊதுவது புகை வழி. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய் வந்து சேருகிற இடத்தில் இடுக்கை அடைக்கும் கேஸ்கட் போயிருக்கிறது. இரும்பு குளிர்ந்திருக்கும்போது இடுக்கு திறந்திருக்கும், டிஸ் டிஸ் என்று புகை அடிக்கும். சூடானால் விரிந்து அடைத்துக்கொள்ளும், சத்தம் நிற்கும். அடைத்துக்கொள்ளும் என்றால் முழுதாகவா? புகை எங்கே போகும்? பானெட்டுக்குள். பானெட் எங்கே இருக்கிறது? வண்டிக்குள். கண்ணாடியெல்லாம் மூடி. பக்கத்து சீட்டில் யார்?

தலைவலி, வாந்தி, மூன்று கையெழுத்து.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். வண்டி ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான், அதுவும் இவர் வைத்த சட்டம்தான். மனைவிக்குப் போட்டார். திரையில் நொடி ஓடத் தொடங்கியதும் எடுத்துவிட்டாள் என்று தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. காதில் வைத்தால் ஏதோ கரகரத்தது, வைக்காவிட்டாலும் ஒன்றுதான். கைபேசியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தெருவே விழிக்கும்படி கத்தினார்.

"வண்டிய நிறுத்தச் சொல்லு! எல்லாரும் கீழ இறங்குங்க! கண்ணாடியெல்லாம் திறங்க! உள்ள புகை வருது, விஷப்புகை! நீ பேசாத, நீ என்ன சொன்னாலும் எனக்குக் கேக்காது! எனக்குக் காது செவிடு, உனக்குத்தான் தெரியுமே! அந்தச் சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல! கேக்குதுன்னு பொய் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன்! நிறுத்தச் சொல்லு!"

நொடி ஓடிக்கொண்டே இருந்தது. சரி என்றாளா, என்ன என்று கேட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. திரும்பவும் முதலிலிருந்து கத்தினார். அப்புறம் பல் விளக்கிய நுரை காயாத வாயோடு ஸ்கூட்டரை எடுத்தார்.

இரண்டாவது நிறுத்தத்தைத் தாண்டி, மூடிக் கிடந்த ஒரு கடையின் முன்னால் வண்டி நின்றிருந்தது. நாலு கதவும் திறந்திருந்தன. பெண்கள் போர்வையும் துப்பட்டாவுமாகச் சாலையோரம் நின்றிருந்தார்கள். ஒல்லிப் பெண் கடைப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கண் முதலில் தன் மனைவியைத் தேடியது. நின்றிருந்தாள். அவருக்கு மூச்சு வந்தது. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நேராகப் போய் பானெட்டைத் தூக்கினார். டார்ச் அடித்தார். குழாய் சேரும் இடத்தை மறைத்திருந்த தகட்டை வளைத்துப் பார்த்தால், இரண்டாவது போல்ட்டுக்குப் பக்கத்தில் மையிட்டதுபோலக் கரி. நாலு விரல் நீளத்துக்கு இழுத்திருந்தது. கண் இருந்த எவனும் ஒரு நிமிஷத்தில் பார்த்திருப்பான். அவர் காதை வைத்துக்கொண்டு நடித்ததில் கண்ணைப் பயன்படுத்த மறந்துவிட்டார்.

மாப்பிள்ளை வந்து அவருக்கு நேர் எதிரே நின்றான். உதட்டை நன்றாக அசைத்து, மெதுவாகப் பேசினான். மனைவி பேசுவது போலவே.

"அண்ணே, பலகையில இது இல்லண்ணே. இருக்கிறதுல டிக் டிக்தான் கிட்ட வந்துச்சு. அதான் எழுதினேன்."

"அன்னிக்குக் காலைல கேக்குதான்னு கேட்டியே. எனக்குக் கேக்கலைன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்தான். அப்புறம் அவருக்கு உதடு தெரிய வேண்டுமே என்று நிமிர்ந்தான்.

"தெரியும்ணே. ரெண்டு வருஷமா எல்லாருக்குமே தெரியும். அதனாலதான் நோட்டுல ஒழுங்கா எழுதுவோம்."

"தெரிஞ்சும் ஏன்டா ஓட்டின? பதினெட்டுப் பொம்பளைங்கடா!"

"நீங்க கேக்குதுன்னு சொல்லிட்டீங்க. உங்க மூஞ்சிக்கு நேரா நீங்க பொய் சொல்றீங்கன்னு எப்படிண்ணே சொல்றது?"

காதுக்காரருக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவன் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. "நோட்டை எடு" என்றார். சட்டைப் பையில் பேனா இல்லை. பெண்களில் ஒருத்தி, துணியில் குறி போடும் பேனாவைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். பானெட்டின் மேலேயே நோட்டை வைத்து எழுதினார்: 'புகைக் குழாய் கேஸ்கட் போயிருக்கிறது. வண்டி ஓடக் கூடாது. முந்தைய மூன்று கையெழுத்தும் தவறு. எனக்குச் சத்தம் கேட்கவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டார்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "கடைசி வரி எதுக்குண்ணே? மேனேஜர் பார்த்தா அவ்வளவுதான். இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுவோம். கேஸ்கட்டு போச்சு, நீங்களே கண்டுபிடிச்சீங்க, முடிஞ்சுது கதை. இவங்க யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. யாருக்கும் தெரியப் போறதில்ல." சொல்லிக்கொண்டே பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தான்.

அவர் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள், கிழியுங்கள் என்பதுபோல. ஒல்லிப் பெண் மட்டும் ஆட்டவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அன்புதான் இரண்டு வருஷமாகத் தன்னைச் சுற்றி நின்று கதவைச் சாத்தியிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. இன்றைக்கும் ஒரு காகிதத்தைக் கிழித்தால் பழையபடி காதுக்காரராகக் கொட்டகைக்குள் போய் உட்காரலாம். நாளைக்கு வேறொரு வண்டி, வேறொரு சத்தம்.

மாப்பிள்ளையின் விரலைப் பிரித்து எடுத்துவிட்டு நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "மேனேஜர்கிட்ட நானே கொண்டு போறேன். இந்தத் தடவ சிரிக்கிறாரான்னு பார்ப்போம்" என்றார்.

பிறகுதான் மனைவியிடம் வந்தார். அவள் நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டு, கண் கலங்கி நின்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தார். போனில் அத்தனை நேரம் கத்தினோமே, அந்தப் பக்கம் என்னதான் நடந்தது என்று அப்போதுதான் நினைவு வந்தது.

"நீ போன்ல என்ன பதில் சொன்ன?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், கத்தாதீங்க, எல்லாருக்கும் கேக்குதுன்னு சொன்னேன். மூணு தடவ சொன்னேன்."